நடைக்கு லைசென்ஸ்

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர் பக்கம் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஐசக்கிடம் திட்டு வாங்கியவர்கள்தான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தே ஆயுசில் பாதியைக் கழித்த ஆள். மாஸ்டர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் வண்டியைத் தான்தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்க, அதை நிறுத்துவதும் நகர்த்துவதும் ஐசக்கின் கால். "நல்லா ஓட்றியேம்மா" என்று வாய் பாட்டுக்குச் சொல்லும், கால் பிரேக்கை விட்டு நகராது.

லைசென்ஸ் டெஸ்டில் அவருடைய ஆட்கள் தோற்றது அபூர்வம். அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து எந்த ரோட்டில் ஓட்டச் சொல்வார், எங்கே நிறுத்தச் சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "டிரான்ஸ்பார்மர் வந்தா மூணாவது கியர். புங்கமரம் தெரிஞ்சா இண்டிகேட்டரைப் போடு. பால் பூத்தாண்ட ஓரங்கட்டு. வேற எதையும் யோசிக்காத." யோசிக்காமல் ஓட்டியவர்கள் பாஸ். பாஸாகி, காரும் வாங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கப் பயந்து வாசலில் உறைபோட்டு மூடி வைத்திருப்பவர்களும் அவர்களேதான். அதைப் பற்றியெல்லாம் ஐசக் கவலைப்பட்டதில்லை. லைசென்ஸ் வாங்கித் தருவதுதானே தொழில்?

கார்த்திகை மழை விடாமல் அடித்த ஒரு காலையில் அவர் மனைவி தபீதாளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பெருங்களத்தூரில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பையன்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவள் தபீதாள். அன்றைக்கு வத்தக்குழம்பும் உருளைக்கிழங்குப் பொரியலும். டப்பாவில் சோற்றைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கரண்டி நழுவியது. எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இன்னாடி ஆச்சு?" என்று ஐசக் கேட்டதற்கு வார்த்தை குழறிக்கொண்டு வந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்தது. மனுஷன் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. வாசலில் நின்ற ஸ்கூல் காரில் அவளைத் தூக்கிப் படுக்க வைத்துக் கிளம்பிவிட்டார்.

எல் போர்டு மாட்டிய வண்டி, கூரைமேல் பெயர்ப்பலகை வேறு. அது போன வேகத்தையும் அடித்த ஹாரனையும் பார்த்து, எதுவோ கத்துக்குட்டி தறிகெட்டு வருகிறது என்று பயந்தே பஸ்ஸும் லாரியும் ஒதுங்கின. "சரியான நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க" என்று தாம்பரத்து ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். பயந்தோ இரக்கப்பட்டோ அன்றைக்கு வழிவிட்ட அத்தனை பேருக்காகவும் ஐசக் இன்றைக்கும் குடும்ப ஜெபத்தில் நன்றி சொல்கிறார். பேர் தெரியாதே, அதனால் "அந்த லாரிக்காரர், அந்தத் தண்ணி வண்டிக்காரர்" என்று சொல்லித்தான் ஜெபிப்பார்.

உயிர் பிழைத்தாள். பேச்சு திரும்பியது, முன்னைவிடக் கூர்மையாகவே திரும்பியது. கையும் மெல்ல வந்தது. இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பிசியோதெரபி ஹால். அங்கே ரேஷ்மா என்கிற பெண்தான் தபீதாளை நிற்க வைத்து, கம்பியைப் பிடித்து நடக்க வைத்து, கம்பியையும் விடவைத்தாள். ஐசக் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். அவர் வைத்த ரசத்தைத் தபீதாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஸ்ட்ரோக்கு எனக்கா, ரசத்துக்கா?" என்று கேட்டாள்.

மகன் வெளிநாட்டில், தோகாவில் இருக்கிறான். வேறு பிள்ளைகள் இல்லை. டிரைவிங் ஸ்கூல் முதலாளி எபி தங்கமான மனுஷன்தான், ஆனால் அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? "பொங்கல் கழிச்சு வந்துருங்க மாஸ்டர். அதுக்கு மேல நான் வேற ஆள் போட்டாவணும்" என்றார். அப்போதுதான் அரக்கோணத்திலிருந்து தபீதாளின் தங்கை ஜான்சி வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டாள்.

"மாமா, நீங்க வேலைக்குப் போங்க. அக்காவை நான் கூட்டிகினு போறேன். எங்க வூட்ல ஆள் இருந்துகினே இருக்கும். இங்க பகல்ல தனியா வுட்டுட்டு, உழுந்து கெடந்தா யார் பாக்கறது?"

"நான் எங்கயும் வரல" என்றாள் தபீதாள்.

"ஒரு வருசம்க்கா. கால் நல்லா ஆவட்டும்."

"உன் மருமவ குடுக்கற நேரத்துக்கு டீ குடிச்சிகினு, ஒரு மூலையில குந்தினு இருக்கவா? ஊருக்குச் சோறு போட்டவடி நான். எங்க வூட்ல எங்க உப்பு கீது, எங்க புளி கீதுன்னு கண்ண மூடிகினு எடுப்பேன். அங்க வந்தா தண்ணி குடிக்கக் கூடக் கேக்கணும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனைவி இல்லாத வீட்டுக்கு வேலை முடிந்து வந்து பூட்டைத் திறப்பதை ஐசக்கால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜான்சி சொல்வதிலும் தப்பில்லையே.

மறுநாள் ரேஷ்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அங்கிள், அடுத்த வாரம் ஆன்ட்டியோட நடையை முழுசா அசெஸ் பண்றேன். யாரும் பிடிக்காம சேர்லேர்ந்து எழுந்திருக்கணும். அதோ, அந்த மஞ்சள் டேப் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உக்காரணும். அப்புறம் வராண்டாவுல கொஞ்ச தூரம் நடக்கணும். அதைப் பார்த்துட்டு, பகல்ல தனியா விடலாமா கூடாதான்னு சொல்றேன்."

"டெஸ்ட்டா?" என்றார் ஐசக்.

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்."

அவ்வளவுதான். ஐசக்கின் முகமே மாறிவிட்டது. டெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டால் சும்மா இருக்கிற ஆளா அவர்? ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது தபீதாளின் காதருகே குனிந்தார்.

"அந்த மஞ்சள் டேப்புக்கு நேரா, வலப்பக்கச் செவுத்துல இன்னா கீது, பாத்தியா?"

"கீழ உழக்கூடாதுன்னு தரையைப் பாத்துகினு நடக்கறேன். செவுத்தை எவ பாத்தா?"

"செவப்பு சிலிண்டர் ஒண்ணு மாட்டி கீது. நெருப்பு அணைக்கறது. நான் பாத்து வச்சிட்டேன். நீ கவலைப்படாத."

மறுநாள் காலையிலேயே பயிற்சி ஆரம்பம். ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கித் தெருவே புகைந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் சேரைத் தெருவில் போட்டு, கோலமாவால் ஒரு கோடு இழுத்தார் ஐசக். எதிர்வீட்டுச் சாராளைக் கேட்டு, அவள் வீட்டுச் சிவப்பு பக்கெட்டை வாசல் கேட்டில் மாட்டினார். அதுதான் சிலிண்டர். தபீதாள் ஜான்சியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளைச் சுடிதாரில் யாரும் பார்த்ததில்லை. தெருவில் பால் வாங்கப் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"எந்திரி. மூக்கு முட்டிக்கு முன்னால வரணும். ஆங். மெதுவா. நட. பக்கெட் தெரியுதா? தெரிஞ்சதும் வலது பக்கம் ஒடி."

"நான் இன்னா மாருதி காரா, ஒடிக்கறதுக்கு?" என்றாள் தபீதாள்.

சாராள் சிரித்தாள். "மாஸ்டரே, இண்டிகேட்டர் போடச் சொல்லலியா?"

வலப்பக்கம் திரும்பினால் எல்லாம் ஒழுங்காக வந்தது. நல்ல காலை ஊன்றிக்கொண்டு, இன்னொரு காலைச் சுற்றிக் கொண்டுவந்துவிடுவாள். ஒருநாள் தெரியாமல் இடப்பக்கம் திரும்பப் போய், இரண்டு காலும் பின்னிக்கொண்டு சாய்ந்துவிட்டாள். ஜான்சி ஓடிவந்து தாங்கினாள். அப்போதே ஐசக்குக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவும் செய்தது. ஆனால் அவர் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பதில் வேறு.

"இந்தா பாரு தபீ. எப்பவும் வலது பக்கம். எது வந்தாலும் வலது பக்கம். இடது பக்கம்னு ஒண்ணு கீதுன்றதையே மறந்துடு."

தபீதாள் நல்ல மாணவி. மறந்துவிட்டாள்.

டெஸ்ட் நாள் வந்தது. பாதிரியார் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஜான்சி அக்காவின் துணிகளைப் பையில் மடித்து வைத்து, பையைக் கையோடு ஹாலுக்கே கொண்டுவந்திருந்தாள். ஐசக் அந்தப் பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்தார். ரேஷ்மா அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். தள்ளித்தான் நின்றார், ஆனால் சிலிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

தபீதாள் எழுந்தாள். யாரையும் பிடிக்கவில்லை. கோவிலில் காணிக்கை போடப் போகிறவள் மாதிரி நிதானமாக நடந்தாள். மஞ்சள் டேப். சிலிண்டர். வலது பக்கம் திரும்பினாள், வந்தாள், சேரில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். வராண்டாவிலும் அப்படியே நடந்தாள். ரேஷ்மாவின் முகம் மலர்ந்துபோனது.

"ஆன்ட்டி! போன வாரம் திரும்பறப்போ தடுமாறினீங்க. இப்ப சூப்பர். இப்படி நடந்தா பகல்ல தனியா இருக்கலாம். பாத்ரூம்ல மட்டும் கைப்பிடி போட்டுடுங்க அங்கிள்."

"ஸ்தோத்திரம்!" என்று ஜான்சி ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். தபீதாள் அழுதாள். ஐசக்குக்குத் தலைகால் புரியவில்லை. ஹாலில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ரேஷ்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்பம்மா, நல்லா இருப்ப" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஜான்சி கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் ஊருக்குப் போகிறாள். ஐசக் வாசல்படியில் நின்று எபியிடம் போனில், "திங்கக்கெழமை டான்னு வந்துடறேன் சார்" என்று பேசிக்கொண்டிருந்தார். தபீதாள் அடுக்களையில் ஸ்டூலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பால் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பு அவளுக்கு இடது பக்கம், ஓர் அடி வைத்தால் எட்டுகிற தூரம்.

பால் பொங்கியது. "ஐயோ" என்று எழுந்தாள். எழுந்தது பிரமாதமாக இருந்தது, மூக்கு முட்டிக்கு முன்னால் வந்தது. எழுந்தவள் வலது பக்கம் திரும்ப ஆரம்பித்தாள். ஐசக் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். அவள் வாசலைப் பார்த்தாள். அப்புறம் சபைக் காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்தாள். அப்புறம் ஃபிரிஜ்ஜை. சின்னச் சின்ன அடியாக வைத்து, முழு வட்டம் சுற்றி அடுப்புக்கு முன்னால் வந்து நின்றபோது பால் மேடை முழுக்க ஓடித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, அடுப்பும் அணைந்து காஸ் நாற்றம்.

ஐசக் ஓடிப்போய் காஸை மூடினார். மூடிவிட்டு அடக்கமுடியாமல் சிரித்தார்.

"இன்னாடி, ரவுண்டானா சுத்திகினு வர?"

"நீதான சொன்ன? எது வந்தாலும் வலது பக்கம்னு."

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். ஐசக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. உறைபோட்டு மூடிய கார்கள் வரிசையாக அவர் கண் முன்னால் வந்தன. புங்கமரம் இல்லாத ரோட்டில் என்ன செய்வது என்று தெரியாதவர்கள். அவர்களுக்காவது வண்டியை மூடி வைக்கலாம். இவள் உடம்பை எங்கே மூடி வைப்பது? ஒருநாள் முழுக்க இந்த வீட்டில் தனியாக, கொதிக்கிற எண்ணெய்க்கும் பாத்ரூம் படிக்கும் நடுவில்.

"தபீ, இந்தப் பக்கம் திரும்பு. இடது பக்கம். நான் இருக்கேன்."

திரும்பினாள். இரண்டாவது அடியிலேயே கால் பின்னியது. பிடித்துக்கொண்டார். அவளைத் தாங்கிக்கொண்டு, பால் ஓடிய தரையில் அப்படியே நின்றார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். அந்தப் பொண்ணாண்ட உண்மையைச் சொல்லிடறேன்."

தபீதாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், பாஸ் பண்ணதைக் கெடுக்கப் போறியா? நான் இன்னா திருடியா பாஸ் பண்ணேன்? என் கால்ல நடந்தேன்."

"உன் கால்லதான் நடந்த. என் மூளையில திரும்பின. எனக்குத் தெரியும்டி. ஊர்ல எத்தினி பேரை இப்படி பாஸ் பண்ண வச்சிருக்கேன்!"

"சொன்னா என்னை அரக்கோணத்துக்கு அனுப்பிடுவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லப் போற?"

ஐசக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ அரக்கோணத்துல இருந்தா ஞாயித்துக்கெழமை ரயில் ஏறி வந்து பாப்பேன். அந்த மேடையாண்ட உழுந்து மண்டையை ஒடச்சிகினா எங்கடி வந்து பாக்கறது?"

கொல்லைக் கதவருகே ஜான்சி துணியும் கையுமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து, பழந்துணி எடுத்துப் பாலைத் துடைத்தாள்.

மறுநாள் மூன்று பேரும் ஹாலுக்குப் போனார்கள். ஐசக் ஒன்றுவிடாமல் சொன்னார். கோலமாவுக் கோடு, சாராள் வீட்டு பக்கெட், சிலிண்டர் எல்லாவற்றையும். ரேஷ்மா முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். பக்கெட் வந்ததும் அடக்க முடியவில்லை. அப்புறம் முகம் மாறிவிட்டது.

"அங்கிள், இதுல பாஸ், ஃபெயில் கெடையாது. எங்க தடுமாறுறாங்கன்னு நான் பாக்கறதுக்குத்தான் இந்த டெஸ்ட். தடுமாறினாதான் எனக்குத் தெரியும், எதைச் சரி பண்ணணும்னு. நீங்க அதைத் தேடிப் புடிச்சு ஒளிச்சு வெச்சிட்டீங்களே."

"தப்புதாம்மா."

"என் மேலயும் தப்பு இருக்கு. எந்தப் பக்கம் திரும்பறதுன்னு அவங்க இஷ்டத்துக்கு விட்டுட்டேன். ரெண்டு பக்கமும் பாத்திருக்கணும்." நேற்று எழுதியதை அடித்துவிட்டு, "டெஸ்ட் சரியில்லன்னு கோவப்பட்டு வர்றவங்க உண்டு. நல்லா நடந்துட்டாங்க, ஆனா நம்பாதீங்கன்னு சொல்ல இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

அப்புறம் மறுபடி நடக்கச் சொன்னாள். இந்தத் தடவை மஞ்சள் டேப் கிடையாது. கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்து நடக்கச் சொன்னாள். நடக்கும்போதே "ஆன்ட்டி, நேத்து என்ன குழம்பு?" என்று கேட்டாள். தபீதாள் பதில் சொல்வதற்காக நின்றேவிட்டாள். பிறகு ரேஷ்மா இடப்பக்கமிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கால் பின்னியது, டம்ளர் விழுந்தது.

"இப்போதைக்குத் தனியா விட வேணாம். ஆனா இது வர வைக்கலாம், ஆன்ட்டி. கண்டிப்பா வர வைக்கலாம்."

தபீதாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "அங்கிள், லைசென்ஸ் இருக்கு, ரோட்ல ஓட்டப் பயம்னு யாராவது வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று ரேஷ்மா கேட்டாள்.

"மைதானத்துக்கே கூட்டிகினு போவ மாட்டேன். நேரா மார்க்கெட் ரோட்டுக்கு விடுவேன். இங்க திரும்பு, அங்க திரும்புன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாயை மூடிகினு குந்தியிருப்பேன்."

"அதையே பண்ணுங்க. எப்படிப் புடிக்கறதுன்னு நான் சொல்லித்தரேன்."

"யார் பண்றது?" என்றாள் தபீதாள். "இவர் திங்கக்கெழமை வேலைக்குப் போவணும். நான் அரக்கோணம் போவணும்."

அப்போதுதான் ஜான்சி வாயைத் திறந்தாள். "யாரும் எங்கயும் போவல. காலையிலயே வூட்டுக்குப் போன் போட்டுட்டேன். மருமவ அவங்கம்மாவை வரவச்சிக்கட்டும். பேரனுங்க நான் இல்லாம அழுவாங்க, அழட்டும். ஈஸ்டர் வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன்."

"உனக்கு எதுக்குடி இந்தப் பேஜாரு?"

"எதுக்கா? நேத்து நீ அந்த மேடையாண்ட சுத்திகினு நின்னத நான் பாக்கல. மாமா அழுதத பாத்தேன்க்கா. இவர் மறைச்சிருந்தா நான் இந்நேரம் ஊருக்கு ரயில்ல போய்க்கினு இருப்பேன். எங்க வூட்ல இருந்தா நீ மூலையில குந்திகினு இருப்ப. இங்க இருந்தாதான் உன் கால் வேலை செய்யும். போதுமா?"

ஐசக் மச்சினியின் முன் கை கூப்பினார். "ஐய, விடுங்க மாமா, ஆஸ்பத்திரியில வச்சி" என்று அவள் கையைத் தட்டிவிட்டாள்.

அதன்பிறகு தெருவே மாறிவிட்டது. கோலமாவுக் கோடு இல்லை, பக்கெட்டும் இறங்கிவிட்டது. வேலைக்குப் போகும் முன்னால் ஐசக்கும், மற்ற நேரத்தில் ஜான்சியும் தபீதாளை ஏரிக்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போவார்கள். எந்த வழி என்று சொல்வதில்லை. சாராளிடம் சொல்லி வைத்திருந்தார்கள், இடப்பக்கமிருந்து திடீரென்று "தபீதாக்கா, கீரை வேணுமா?" என்று கேட்பாள். இஸ்திரிக்காரர் சம்பந்தமும் சேர்ந்துகொண்டார். அவருக்குக் கூப்பிட்டுப் பேச விஷயமே இல்லாவிட்டால், "அக்கா, மணி இன்னா ஆவுது?" என்பார், கையில் வாட்ச் கட்டிக்கொண்டே. முதலில் நின்று நின்று பதில் சொன்னவள், பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்னாள். பிறகு நடந்துகொண்டே திட்டினாள்.

ஐசக்குக்குத்தான் கஷ்டம். அவள் தடுமாறும்போதெல்லாம் கை தானாகப் போகும். வாய் "வலது" என்று வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். ஒருநாள் தபீதாள் நின்று, "நீ எதுக்குய்யா மூஞ்சிய இப்படி வச்சிகினு வர? எனக்குத்தான் கால் வலிக்குது" என்றாள்.

ஈஸ்டர் முடிந்து ரேஷ்மா மறுபடி பார்த்தாள். அன்றைக்கு ஐசக் ஹாலுக்குள் வரவே கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் வேப்பமரத்தடியில் ஜான்சியோடு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து ரேஷ்மாவே வெளியே வந்தாள். "எங்க கூப்பிட்டாலும் திரும்பறாங்க அங்கிள். காலை இழுக்கறது இருக்கும். ஆனா வீட்ல தனியா இருக்கலாம். இந்தத் தடவை நான் நம்பிச் சொல்றேன்." ஐசக் அவள் தலைமேல் கை வைத்தார். ஜான்சி மறுநாள் அரக்கோணம் போனாள். ஸ்டேஷனில் அவளை ஏற்றிவிடும்போது தபீதாள் அழுத அழுகையைப் பார்த்தால், ஊருக்கு அனுப்பப்படுவது தபீதாள்தான் என்று தோன்றும்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஐசக் கிறிஸ்டினாவுக்கு ரோடு பழக்கிக்கொண்டிருந்தார். பேங்கில் வேலை பார்க்கிறவள். போன வருஷம் இதே ஐசக்கிடம் லைசென்ஸ் வாங்கி, காரை மூடி வைத்திருந்தவள். அவர் இப்போதெல்லாம் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய் வரச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிச்சூர் ரோட்டில் போகும்போது வீட்டுக்குப் போன் போட்டார். தபீதாள் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும் எடுக்கவில்லை.

"அம்மா, வண்டியை பீர்க்கன்கரணைக்கு விடு."

"சார், அந்தத் தெருவெல்லாம் குறுகல்..."

"விடும்மா, விடு. எதுவும் கேக்காத."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வண்டியைத் திருப்பினாள். பெருங்களத்தூர் நெரிசலில் வளைத்து வளைத்து ஓட்டினாள். ஐசக்குக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அடுக்களைத் தரைதான் கண் முன்னால் நின்றது. தெருமுனையில் வண்டி நிற்கும் முன்னாலேயே கதவைத் திறந்து இறங்கி ஓடினார்.

வீடு பூட்டியிருந்தது.

வெளியே பூட்டு தொங்கியது. ஐசக் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். எதிர்வீடும் சாத்தியிருந்தது, சாராள் வேலைக்குப் போய்விட்டாள். தெருவில் ஒரு காக்கை இல்லை. "தபீ!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். கத்திய பிறகுதான் மண்டைக்கு ஏறியது. வெளியே பூட்டிய வீட்டுக்குள் அவள் எப்படி இருப்பாள்? பூட்டு தானாகவா தொங்கும்? அவள்தான் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஏரிப்பக்கத்து முனையில் ஒரு குடை தெரிந்தது. தபீதாள் வந்துகொண்டிருந்தாள். இடது காலை லேசாக இழுத்து, அவசரமில்லாமல். நடுத்தெருவில் படுத்திருந்த நாய் எழுந்திருக்க மனசில்லாமல் கிடக்க, அதைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஐசக் ஓரடி முன்னால் வைத்தார். பிறகு கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். கண்ணில் நீர் முட்டி, அவள் வருவதே சரியாகத் தெரியவில்லை. "ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார்.

"வேலைக்குப் போவாம இங்க இன்னா நின்னுகினு கீற?" என்றாள், வந்ததும்.

"போன் எடுக்கலியே நீ."

"சார்ஜுல போட்டுட்டுப் போனேன்." குடையை மடக்கினாள், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "நகரு. மோர் குடிக்கிறியா?"

"வேணாம்."

"அப்ப கெளம்பு. அந்தப் பொண்ணு வெயில்ல காஞ்சிகினு கீது பாரு."

கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். ஐசக் காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கிறிஸ்டினா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வீட்டம்மாவா சார்?"

"ஆமாம்மா."

"இந்த வெயில்ல எங்க போயிட்டு வர்றாங்க?"

ஐசக் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இத்தனை மாதமாக அவள் வைத்த ஒவ்வோர் அடியும் அவருக்குத் தெரியும். எங்கே எழுந்தாள், எங்கே திரும்பினாள், எங்கே உட்கார்ந்தாள் என்று தெரியாத ஒரு நாள் கிடையாது. அவர் முகம் மெல்ல விரிந்தது.

"தெரியலம்மா" என்றார். "கேக்கவே இல்ல. எங்கயோ போயிட்டு வரா."